சொல் விளக்கம்: நிறப்புரி சாரா மரபணு நகல் பெருக்கம்

'எக்ஸ்ட்ராகுரோமோசோமல் ஜீன் ஆம்ப்ளிபிகேஷன்' என்ற ஆங்கிலத் தொடருக்கு நான் வைக்கும் தமிழ்தான் தலைப்பில் இருப்பது. இரத்தப் புற்றுநோயாளி ஒருவரின் எலும்பு மஜ்ஜைச் செல்லை, அது பிளவுபடும் தறுவாயில் நிறுத்தி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நிறப்புரிகள், அதாவது குரோமோசோம்கள், நெட்டையும் குட்டையுமாகச் சிதறிக் கிடக்கின்றன. மிகச் சிலரிடம் மட்டும் அவற்றுக்கு நடுவே பொடிப்பொடியான புள்ளிகள் தெரியும். அதுவும் ஒற்றையாக இல்லை, இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு. ஆங்கிலத்தில் இதை 'டபுள் மினிட்' என்பார்கள். அகராதியைப் புரட்டி 'இரட்டை நிமிடம்' என்று எழுதினால் கதை கந்தல்.

இந்த 'மினிட்'டுக்கும் கடிகாரத்துக்கும் உறவு இருக்கிறது, ஆனால் தூரத்து உறவு. லத்தீனில் 'மினுட்டுஸ்' என்றால் சிறியது. ஒரு மணியைச் சிறு கூறாக்கியதால் அறுபதில் ஒரு பங்குக்கும் அந்தப் பெயர் வந்தது. நம்முடைய நிமிடம் வடமொழி நிமிஷத்திலிருந்து வந்தது. அதன் பொருள் கண் இமைப்பு. ஆகவே 'இரட்டை நுண்மணி' என்பது என் தேர்வு. இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) என்ற சொல் ஏற்கெனவே உயிரியலில் இருப்பதால் 'மணி' அந்நியமாகவும் தோன்றாது. 1965-இல் குழந்தைகளின் புற்றுக்கட்டிகளில் இவற்றைக் கண்டு பதிவு செய்தவர்களும் 'நுண்ணிய' என்ற பொருளில்தான் அந்தச் சொல்லை எழுதினார்கள்.

இந்த மணிகள் என்ன? நிறப்புரியிலிருந்து அறுந்து, வட்டமாக முடிந்துகொண்ட டிஎன்ஏ துண்டுகள். பொதுப்பெயர் 'எக்ஸ்ட்ராகுரோமோசோமல் டிஎன்ஏ'. 1888-இல் ஜெர்மன் உடற்கூற்றியலாளர் வால்டேயர் கிரேக்கத்தின் 'குரோமா' (நிறம்), 'சோமா' (உடல்) இரண்டையும் சேர்த்துக் குரோமோசோம் என்றார். சாயத்தை நன்றாக இழுத்துக்கொள்ளும் பொருள் என்பதால் அந்தப் பெயர். தமிழில் உடலை விட்டுவிட்டு, கயிற்றின் முறுக்கைச் சொல்லும் 'புரி'யைப் பிடித்தோம்: நிறப்புரி. மூலத்தைவிட இது பொருத்தம் என்பேன். இலங்கையில் நிறமூர்த்தம் என்பார்கள்.

வம்பு 'எக்ஸ்ட்ரா'வில்தான். பேச்சில் நமக்கு எக்ஸ்ட்ரா என்றால் கூடுதல். 'கூடுதல் நிறப்புரி' என்று எழுதினாலோ அது வேறு நோய்க்குப் போய்விடும். டவுன் நோய்க்குறியில் 21-ஆம் நிறப்புரி மூன்றாக இருக்குமே, அது. லத்தீனில் 'எக்ஸ்ட்ரா' என்றால் வெளியே. சரி, 'புறநிறப்புரி' எனலாமா? புறநகர் போல, வெளியே இருக்கும் இன்னொரு நிறப்புரி என்று படும். திருப்பிப் போட்டு 'நிறப்புரிப்புறம்' என்றாலும் சிக்கல். நகர்ப்புறம் என்றால் நகரப் பகுதி என்றுதானே பொருள்! 'அரசு சாரா நிறுவனம்' கை கொடுக்கிறது: நிறப்புரி சாரா டிஎன்ஏ. எழுத்தெண்ணிப் பார்த்தால் இழைமணியின் டிஎன்ஏவும் நிறப்புரி சாராததுதான். புற்றுநோய் பற்றிய பேச்சில் அதைச் சேர்ப்பதில்லை.

அப்புறம் 'ஆம்ப்ளிபிகேஷன்'. மரபணுப் பெருக்கம் என்று எழுதுவது வழக்கம். தப்பில்லை, ஆனால் புற்றுநோய்க் கட்டுரையில் 'செல் பெருக்கம்' பக்கத்திலேயே வந்து நிற்கும். செல் பெருகும்போது செல்களின் எண்ணிக்கை கூடுகிறது. இங்கே ஒரே செல்லுக்குள் ஒரு மரபணு, இரண்டு நகல் இருக்க வேண்டிய இடத்தில் பத்து, ஐம்பது என்று ஏறுகிறது. 'படிப்பெருக்கம்' என்று எழுதிப் பார்த்தேன். பள்ளிப் படிப்பு பெருகியது போல இருந்தது. 'நகல் பெருக்கம்' தெளிவு. நகல் அரபு வழி வந்த சொல், தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

இரத்தப் புற்றில் இது அரிது. கடும் மைலாய்டு இரத்தப் புற்றில் நுண்மணிகள் ஏறத்தாழ நூற்றில் ஒருவரிடம் தெரியும். பெரும்பாலும் அவற்றில் இருப்பது 8-ஆம் நிறப்புரியின் எம்ஒய்சி; செல்லை வளரத் தூண்டும் மரபணு அது. டி-செல் வகைக் கடும் லிம்போ இரத்தப் புற்றில் 2004-இல் வேறொன்று தெரியவந்தது: 9-ஆம் நிறப்புரியின் துண்டு வட்டமாகி, அதில் என்யூபி214, ஏபிஎல்1 என்ற இரண்டு மரபணுக்களும் இணைந்து, நகல்கள் பெருகியிருந்தன. இந்த வட்டங்கள் வழக்கமான சாயத்தில் தெரியாத அளவுக்குச் சிறியவை. தேடும் மரபணுவில் போய் ஒட்டும் ஒளிரும் டிஎன்ஏ துண்டுகளான துருவிகளைக் கொண்டே கண்டுபிடித்தார்கள்.

நுண்மணிக்கு மையப்புரி (சென்ட்ரோமியர்) கிடையாது. செல் பிளவுபடும்போது நிறப்புரியைப் பிடித்து இழுக்கும் இழைகளுக்கு இதில் பிடி இல்லை. அதனால் பங்கீடு கண்டபடி நடக்கிறது: ஒரு மகள் செல்லுக்கு முப்பது, இன்னொன்றுக்கு ஐந்து. கூடுதலாகப் பெற்றது வேகமாக வளர்ந்தால், அதன் வாரிசுகளே நிறைந்துவிடும்.

சில நேரம் இந்த நகல்கள் திரும்பவும் ஒரு நிறப்புரிக்குள் வரிசையாகப் புகுந்துகொள்ளும். சாயமேற்றிய நிறப்புரியில் வழக்கமாகத் தெரியும் பட்டைகள் அங்கே மறைந்து, நீளமாக ஒரே சாயல் தெரியும்; அதற்குச் 'சீர்ச்சாயப் பகுதி' என்று சொல்லலாம். ஆய்வகங்களில் புழங்கும் எச்எல்-60 இரத்தப் புற்றுச் செல்களின் ஒரு கிளையில் எம்ஒய்சி நுண்மணியாகவும், இன்னொரு கிளையில் சீர்ச்சாயப் பகுதியாகவும் இருக்கிறது. பெருகியது அதே மரபணுதான். ஆனால் இரண்டாவதைப் பற்றி எழுதும்போது 'சாரா'வை எடுத்துவிட வேண்டும்.