கறிவேப்பிலைப் புழுவுக்கு மருந்து கேட்கிறீர்களா?

சேலத்தில் வீட்டுத் தோட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். மழை விழுந்து கறிவேப்பிலை துளிர்க்கும் நாட்களில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். போன வாரம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு அம்மா, இலையோடு புழுவை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். "தம்பி, இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்? ரெண்டு கொப்பை மொட்டை ஆக்கிடுச்சு."

நல்ல பச்சைப் புழு. ஈர்க்குச்சியால் தலைக்குப் பின்னால் லேசாகத் தொட்டேன். சட்டென்று கவட்டை மாதிரி ஒரு சிவப்புக் கொம்பு வெளியே வந்தது, கூடவே ஒரு நெடி. அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டார். எறும்பு கிட்டே வந்தால் விரட்ட அதற்கு இருப்பது அந்தக் கொம்புதான். முட்டையிலிருந்து வந்த புதிதில் பறவை எச்சம் போல இலைமேல் கிடக்கும், அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

"இது கறிவேப்பிலை அழகிங்கம்மா. கறுப்பு றெக்கையில வெள்ளைப் புள்ளி வரிசையா இருக்குமே, அந்தப் பட்டாம்பூச்சியோட புழு" என்றேன்.

தாய்ப்பூச்சி பூவைப் பார்த்து முட்டையிடுவதில்லை. இலையில் உட்கார்ந்து முன்னங்கால்களால் படபடவென்று தட்டும். அதற்குச் சுவை தெரிவது காலில். தன் புழு தின்னும் இலை என்று உறுதியானால்தான் ஒரு முட்டை வைக்கும். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி எருக்கைத் தேடும், கொன்றை வெள்ளையன் என்பது கொன்றையைத் தேடும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் நானே பல வருடம் தப்பாகச் செய்தேன். பட்டாம்பூச்சித் தோட்டம் கேட்டவர்களுக்கு இட்லிப்பூவும் உண்ணிச்செடியும் வைத்துக் கொடுத்தேன். பூச்சிகள் வந்து தேன் குடித்துவிட்டுப் போயின, ஒன்றும் தங்கவில்லை. ஒரு வீட்டில் வேலியில் ஏறிக் கிடந்த ஆடுதீண்டாப்பாளைக் கொடியைக் களை என்று வேரோடு பிடுங்கச் சொன்னதும் நான்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. சிவப்புடல் அழகி, ரோஜா அழகி என்ற பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கு அந்தக் கொடி இனத்தை விட்டால் வேறு தீனி இல்லை. கொடியின் நஞ்சு புழுவின் உடம்பில் தங்கி, றெக்கை முளைத்த பிறகும் பறவைகளிடமிருந்து காக்கிறது. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில, இவற்றைப் போலவே சிவப்புப் புள்ளி போட்டு வேஷம் கட்டித் தப்பிக்கின்றன. கொடி போனால் அசலும் போகும், அப்புறம் அந்த வேஷத்தைப் பார்த்து எந்தப் பறவை பயப்படும்?

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது, காய்ந்த கிலுகிலுப்பைச் செடி தென்பட்டால் வண்டியை நிறுத்திப் பாருங்கள். நீல வரியன் பட்டாம்பூச்சிகள் மொய்த்திருந்தால் அவை பெரும்பாலும் ஆண்கள். சுரண்டி உறிஞ்சுவது தேனை அல்ல, பெண்ணை ஈர்க்கும் வாசனைக்கான சரக்கை. பூவே இல்லாத காய்ந்த செடிக்கும் இப்படி ஒரு வேலை இருக்கிறது.

இடம் குறைவாக இருந்தால் இரண்டு கறிவேப்பிலைக் கன்று வையுங்கள், ஒன்று சமையலுக்கு, ஒன்று புழுக்களுக்கு. எலுமிச்சை இருந்தால் எலுமிச்சை அழகியும் வரும். வெட்டுக்காயப் பூண்டை ஓர் ஓரத்திலாவது விட்டுவையுங்கள், அந்தச் சின்னப் பூவில் நல்ல தேன் உண்டு. கன்று வாங்கும்போது மருந்து அடித்ததா என்று கேளுங்கள். வேரிலிருந்து இலைவரை ஏறும் மருந்தாக இருந்தால், வாரக்கணக்கில் தங்கிப் புழுவைக் கொன்றுவிடும்.

அந்த அம்மா மருந்து வாங்கவில்லை. சமையலுக்கு வேண்டிய கொப்புகளுக்குப் பழைய கொசுவலையைச் சுற்றச் சொல்லியிருந்தேன். நேற்று போன் செய்தார்.

"தம்பி, புழுவைக் காணோம். துணி காயப்போடுற கம்பத்துல இலை மாதிரி ஒண்ணு, இடுப்புல நூல் கட்டிக்கிட்டுச் சாஞ்சு நிக்குது. அதுதானா?"

"அதேதாங்கம்மா, கூட்டுப்புழு ஆயிடுச்சு. பட்டாம்பூச்சியா வெளிய வரப் பத்து நாள் போல ஆகும். அந்தக் கம்பத்துல மட்டும் துணி போடாதீங்க, காலையில காலையில போய்ப் பாருங்க."