உலைக்குள் போகும் எஃகில் குரோமியம் எங்கே இருக்கிறது?

கடலூர் சிப்காட் பக்கம் ஒரு சிறிய பட்டறை. உலையின் அடித்தட்டைக் காட்டி, "ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை சார், இத்தனைக்கும் 12 சதவீதம் குரோமியம்" என்றார் உரிமையாளர். சோதனைச் சான்றிதழையும் எடுத்து வந்தார். அதில் பொய் இல்லை. தட்டு டி3 ரகம், வெட்டு அச்சுகள் செய்யும் கருவி எஃகு. பட்டறைகளில் எச்சிஎச்சிஆர் என்பார்கள்; கார்பனும் அதிகம், குரோமியமும் அதிகம் என்று அர்த்தம். குரோமியத்துக்கு மேல் வரியில் கார்பன் 2 சதவீதம் என்றிருந்தது. அந்த எண்ணை யாரும் பார்க்கவில்லை.

கடலோரத்தில் வாழும் நமக்குத் துரு பழகிய எதிரி. உலைக்குள் நடப்பதற்கு ஈரமே தேவையில்லை. சுமார் 570 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரும்பின் மேல் வூஸ்டைட் என்ற ஆக்சைடு உருவாகிறது. அதன் வழியே இரும்பு எளிதாக ஊடுருவி வெளியே வருவதால் அந்த ஆக்சைடுச் செதில் விறுவிறுவென்று தடிக்கும். குரோமியம் போதிய அளவு இருந்தால் மெல்லிய ஆக்சைடுப் படலமாகப் படிந்து இதைத் தடுக்கும். ஆனால் அந்தக் குரோமியம் இரும்போடு கரைந்திருக்க வேண்டும்.

கார்பன் அதை விடுவதில்லை; குரோமியத்தோடு சேர்ந்து கார்பைடு என்ற சேர்மமாகிவிடும். குரோமியக் கார்பைடுகளில் ஒரு வகையில் 6 கார்பன் அணுக்கள் 23 குரோமிய அணுக்களைப் பிடித்து வைத்திருக்கின்றன; எடைக் கணக்கில் ஒரு கிலோ கார்பனுக்குப் பதினாறு கிலோவுக்கும் மேல். டி3-இல் இருப்பது 7 உலோக அணுக்களுக்கு 3 கார்பன் அணுக்கள் என்ற வகை, அதில் இரும்பும் கலந்திருக்கும். அப்படியும் குரோமியத்தின் பெரும்பகுதி அங்கே முடங்கிவிடுகிறது. வெட்டு அச்சுக்கு அந்தக் கடினம் வரம், உலைக்கு உதவாது. கார்பைடு ஆக்சிஜனோடு சேரும்போது கார்பன் வாயுவாகிச் செதிலைப் பிளக்கவும் செய்யும்.

கார்பைடு என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. 0.4 சதவீதம் கார்பன் உள்ள எச்கே40 என்ற எஃகு வார்ப்புக் குழாய்கள், ஹைட்ரஜன் தயாரிக்கும் ரிஃபார்மர் உலைகளில் நன்றாகவே உழைக்கின்றன. அவற்றில் குரோமியம் 25 சதவீதம், நிக்கல் 20. கார்பைடு எடுத்தது போக மிச்சம் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

உலை ஆறும்போது செதில் தெறிக்கும். அந்தப் பட்டறையில் கதவருகே நின்ற இளைஞருக்குப் புருவத்தில் இரண்டு தையல். கண்ணுக்கு அரை அங்குல தூரம்! முகக்கவசம் இல்லாமல் அந்தக் கதவை யாரும் திறக்கக் கூடாது என்று அன்றே எழுதி ஒட்டவைத்தேன்.

கார்பன் குறைந்த 310 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் தட்டைப் பரிந்துரைத்தேன். விலை அதிகம்தான். கதவருகே உள்ள தட்டை உடனே மாற்றினார். மற்றவற்றை ஆயுதபூஜை விடுமுறையில் மாற்றுகிறார்.