பாலியல் இலஞ்சமா, பாலியல் கப்பமா?

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கிராமம். மாதர் சங்கக் கட்டடத்தின் தகரக் கூரைக்குக் கீழே முப்பது பெண்கள் வரையில் இருந்தார்கள். சட்ட உதவி பற்றிய கூட்டம். சிங்களத்தில் பேசியவருக்கு நான் தமிழ் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் 'லிங்கிக அல்லஸ்' என்றார். நான் யோசிக்காமல் 'பாலியல் இலஞ்சம்' என்று மொழிபெயர்த்து, வெண்பலகையிலும் எழுதினேன். பத்திரிகைகள் எழுதுவதும் அப்படித்தான். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, 2009 இல் கணவரை இழந்தவர், பலகையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பிள்ளை, லஞ்சம் எண்டால் நாங்கள் குடுக்கிறது. நான் ஒண்டும் குடுக்கேல்லை. அவர் கேட்டவர், நான் மாட்டன் எண்டனான். வீட்டுக்காசு நிண்டுபோச்சு. இதுக்கு ஏன் லஞ்சம் எண்டு பேர்?"

எனக்கு மறுமொழி வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்தான் மெதுவாகச் சொன்னார்: "அது கப்பம் எல்லோ அக்கா."

அன்றிலிருந்து இந்த இரண்டு சொற்களும் என்னை விடவில்லை.

இலஞ்சம் வடமொழி 'லஞ்சா'விலிருந்து வந்தது. தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் எழுத்தில் ஓர் இகரம் முன்னே சேர்ந்தது. பேச்சில் அது லஞ்சமாகவே இருக்கிறது. நல்ல தமிழில் கையூட்டு. ஊட்டுவது என்றால் சோற்றைப் பிசைந்து வாய்க்குள் வைப்பது. யாரோ ஒருவர் விரும்பி ஊட்டுகிறார், மற்றவர் வாயைத் திறக்கிறார். பழைய சொல்லான கைக்கூலியிலும் கொடுக்கிற கை ஒன்று இருக்கிறது. எந்தச் சொல்லை எடுத்தாலும் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பாயில் இருக்கிறார்கள். சட்டமும் அப்படித்தான் பார்த்தது. 1954 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க இலஞ்சச் சட்டத்தில் கொடுத்தவரும் குற்றவாளி, வாங்கியவரும் குற்றவாளி. இது ஊருக்கெல்லாம் தெரிந்த பாடம். அந்தப் பாடத்தைப் படித்த பெண்ணிடம் போய் 'உங்களுக்கு நடந்தது பாலியல் இலஞ்சம்' என்று சொன்னால் அவர் எப்படி வாய் திறப்பார்? முறைப்பாடு எழுத உட்காரும்போதே தன் பெயரையும் குற்றப் பத்திரத்தில் எழுதுவதுபோல அவருக்குப் படும்.

இன்னொன்றும் இருக்கிறது. இலஞ்சம் பெரும்பாலும் தனக்கு உரித்தில்லாத ஒன்றைப் பெற, அல்லது வரிசையை முந்திப் போகக் கொடுப்பது. அந்த அம்மா கேட்டது தன் பெயருக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட காசு. வீட்டுத்திட்டம் எப்படி நடக்கும் என்று வன்னியில் சிறுபிள்ளைக்கும் தெரியும். காசு மொத்தமாக வராது. அத்திவாரம் போட்டால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் ஒரு பகுதி, கூரை ஏறினால் மிச்சம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். அந்த அம்மாவின் சுவர் யன்னல் மட்டத்தோடு நின்றது. நான் போய்ப் பார்த்தேன். கல்லுக்கு மேல் பாசி பிடித்திருந்தது. கதவு வரவேண்டிய இடத்தில் ஒரு பழைய தறப்பாள், அதற்குள் மகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் சீமெந்துப் பையால் மூடிக் கிடந்தன. கையெழுத்து வைக்கவேண்டியவர் இரவில் தொலைபேசி எடுப்பாராம். "தனிய ஒருக்கா வாங்கோ, கதைச்சு முடிப்பம்" என்பாராம். போகவில்லை. கட்டம் திருப்தியில்லை என்று எழுதிவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு செக்ஸ்டோர்ஷன் என்று பெயர். இப்போது இணையத்தில் அந்தச் சொல் படங்களை வைத்து மிரட்டிக் காசு பறிப்பதையே குறிக்கிறது. ஆனால் சர்வதேசப் பெண் நீதிபதிகள் சங்கம் அதை வேறு பொருளில் எடுத்துக்கொண்டு பரப்பியது: ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தைக் காட்டி, செய்யவேண்டிய வேலைக்குப் பதிலாக உடலைக் கேட்பது. கைவைத்து அடிக்கத் தேவையில்லை, கையெழுத்தைப் பிடித்து வைத்திருந்தாலே போதும். சொல்லின் பின்பாதி எக்ஸ்டோர்ஷன், இலத்தீனின் முறுக்குதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. கையை முறுக்கிப் பிடுங்குவது. அந்த முறுக்கல் 'இலஞ்சம்' என்ற மொழிபெயர்ப்பில் காணாமல் போய்விடுகிறது.

கப்பத்துக்கு வருவோம். தமிழகத்து வாசகருக்கு இது அரசர்கள் காலத்துச் சொல்; சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டும் திறை. கன்னடத்திலும் 'கப்ப' அதே பொருளில் உண்டு. வன்னிக்கு அந்தப் பொருள் அந்நியமில்லை. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிமைகள் என்ற உள்ளூர்த் தலைவர்கள் யானைகளைப் பிடித்துத் திறையாகக் கொடுக்கவேண்டியிருந்தது. நிலுவை விழுந்தால் சச்சரவு. (அரச அலுவலகத்துக்கு எங்கள் கிழவர்கள் இன்றும் சொல்கிற 'கந்தோர்' அந்த ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்.) ஆனால் ஈழத்தில் கப்பம் இன்று வேறொன்று. போர்க்காலத்தில் வவுனியாவிலும் கொழும்பிலும் வியாபாரிகளைக் கடத்தி வைத்துக்கொண்டு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்களே, அது கப்பம். கப்பம் கொடுத்தவரைக் குற்றவாளி என்று எவரும் சொன்னதில்லை. "பாவம், வேற என்ன செய்யிறது" என்றுதான் சொன்னோம். சிங்களத்திலும் கப்பம் கப்பமே, பொருளும் அதே. பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்க்க ஆளில்லாமல் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும்போதுகூட இந்த ஒரு சொல் உருமாறாமல் போய்ச் சேரும். எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

தூய தமிழ் வேண்டுமென்பவர்கள் 'பாலியல் பறிப்பு' என்று எழுதலாம். வழிப்பறி என்ற சொல் நம்மிடம் இருக்கிறது, அதே அச்சில் வார்த்தது. பேக்கரியை வெதுப்பகம் ஆக்கிப் பழகிய மண்ணுக்குப் புதுச்சொல் பயமில்லை. 'திறை' சரிவராது, அதில் தோற்றவனுக்கும் ஒரு மரியாதை ஒட்டியிருக்கிறது.

ஊரில் உண்மையில் என்ன சொல்கிறார்கள்? "ஆள் சரியில்லை." "ஒருமாதிரிக் கதைக்கிறார்." "சேட்டை விடுறார்." சேட்டை, வடமொழியில் வெறும் அசைவு, செயல். நம்மிடம் வந்து குறும்பு ஆயிற்று. பிள்ளை மரத்தில் ஏறினாலும் சேட்டை, அதிகாரி ஒரு விதவையை இரவில் அழைத்தாலும் சேட்டை. பத்திரிகைச் செய்திகளில் 'பாலியல் சலுகை கோரினார்' என்றும் வருகிறது. சலுகை என்பது மனமிரங்கிச் செய்வது. அதை யார் யாருக்குச் செய்தார்கள்? இந்தச் சொல்லை ஆசிரியர்கள் உடனே கைவிடவேண்டும். 'துஷ்பிரயோகம்' என்பதில் எனக்கு வேறு சங்கடம். பிரயோகம் பயன்படுத்துவது; துஷ் கெட்டது. 'அதிகார துஷ்பிரயோகம்' பொருத்தமாக நிற்கிறது, அதிகாரத்தைக் கெட்ட வழியில் பயன்படுத்தியதால். அதே சொல்லைப் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ சொன்னால், நல்ல வழியில் பயன்படுத்தக்கூடிய பொருள்போல அவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

சொல் பிழையானால் முறைப்பாடும் பிழையாகும் என்பதை வெளியுலகக் கதைகளிலும் பார்க்கலாம். ஜிம்மி சவில் பிரித்தானியாவின் பி.பி.சி. தொலைக்காட்சி நட்சத்திரம். ஸ்டோக் மண்டவில் மருத்துவமனைக்கு நிதி திரட்டிக் கொடுத்த கொடையாளி என்று நாடே கொண்டாடியது. 2009 இல் பாலியல் குற்றச்சாட்டுகள் பற்றிச் சரே பொலிஸ் அவரை விசாரித்தது, அந்த மருத்துவமனைக்குள் அவருக்கே இருந்த அலுவலக அறையில். வழக்குத் தொடரப்படவில்லை. 2011 இல் அவர் இறந்து, 2012 இல் எல்லாம் வெளியே வந்தபின் 2013 இல் வந்த மீளாய்வு ஒன்றைச் சொன்னது: முறைப்பாடு செய்த பெண்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே விசாரிக்கப்பட்டார்கள், மற்றவர்களும் முறையிட்டிருக்கிறார்கள் என்று எவருக்கும் சொல்லப்படவில்லை. 2016 இல் வெளியான பி.பி.சி. பற்றிய அறிக்கை அங்கு மட்டும் அவரால் பாதிக்கப்பட்ட 72 பேரைக் கணக்கிட்டது.

கொடுக்கிற கையை யாரும் சந்தேகிப்பதில்லை. நம்மூரிலும் வீடு, வேலை, வாழ்வாதார உதவி எல்லாம் யாருடைய கையால் வருகிறதோ அவருக்குத்தான் விளையாட்டுப் போட்டியில் பிரதம விருந்தினர் கதிரை, கோயிலில் காளாஞ்சி, பொன்னாடை. அவரைப் பற்றி ஒரு பெண் பேசினால் ஊரே தன் அடுத்த உதவியை எண்ணிப் பயப்படுகிறது.

மீறிப் பேசினால் அந்த அதிகாரிக்குக் கிடைப்பது இடமாற்றம். இந்தச் சொல்லையும் கவனிக்கவேண்டும். 2002 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் கத்தோலிக்க மறைமாவட்டத்து ஊழல் வெளியானபோது தெரிந்தது, பிள்ளைகளிடம் குற்றம் செய்த குருமாரைப் பங்கிலிருந்து பங்குக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள் என்பது. இலங்கையில் இதற்கு முன்னே 'தண்டனை' என்ற அடைமொழியும் சேர்த்திருக்கிறோம், தண்டனை இடமாற்றம். எங்கே? கஷ்டப் பிரதேசத்துக்கு. அதாவது எங்களிடம். ஓரிடத்துப் பெண்கள் தப்பினார்கள் என்று பதிவாகும் நாளில் இன்னோரிடத்து, இன்னும் ஒதுக்குப்புறத்துப் பெண்களிடம் அவர் பொறுப்பேற்கிறார்.

ஹெயிட்டியில் ஐக்கிய நாடுகளின் அமைதிப்படையாக இருந்த இலங்கைப் படையினரில் 114 பேர் 2007 இல் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டின்பேரில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிஸ்கற்றும் சில்லறையும் காட்டிப் பிள்ளைகளை அழைத்தார்கள். அசோசியேட்டட் பிரஸ் 2017 இல் வெளியிட்ட புலனாய்வின்படி எவரும் சிறைக்குப் போகவில்லை. திருப்பி அனுப்புவதும் ஓர் இடமாற்றந்தான். இத்தனைக்கும் ஐக்கிய நாடுகளின் 2003 ஆம் ஆண்டு விதி தெளிவாகவே இருந்தது: பயனாளிக்கு உரித்தான உதவியைக் கொடுத்துப் பாலுறவு கேட்பதும் தடை. 'உரித்தான' என்ற அந்த ஒரு சொல்லில்தான் கப்பத்துக்கும் இலஞ்சத்துக்குமான எல்லைக்கோடு ஓடுகிறது.

நம் சட்டத்தில் கதவுகள் இல்லாமலில்லை. 1995 இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு, அதிகாரத்தில் உள்ள ஒருவர் வேலைத்தலத்திலோ வேறெந்த இடத்திலோ சொல்லாலோ செயலாலோ விரும்பத்தகாத பாலியல் அணுகுமுறை காட்டுவதைக் குற்றம் என்கிறது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் வகையான இலஞ்சத்தை வெளிப்படையாகவே ஏற்றது. ஆகவே இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு எழுதும்போது 'இலஞ்சம்' என்ற சொல்லை முழுக்க விடமுடியாது, அவர்கள் கதவு அந்தச் சொல்லுக்குத்தான் திறக்கும். எழுதவேண்டிய முறையை இப்படிச் சொல்வேன்: 'இன்னார் என்னிடம் பாலியல் கப்பம் கோரினார், இது சட்டத்தின்கீழ் இலஞ்சக் குற்றமாகும்.' கோரியவரே எழுவாயாக நிற்கவேண்டும். நாள், நேரம், அழைப்பு வந்த இலக்கம், எந்தக் கட்டத்துக் கையெழுத்து நின்றது, எல்லாம் வரவேண்டும். ஆணைக்குழுவின் தொலைபேசி 1954. அலுவலகம் கொழும்பில்.

அந்த அம்மாவின் கடிதத்தை நாங்கள் இரண்டு முறை எழுதினோம். முதல் பிரதியில் நான் பழக்கத்தில் 'பாலியல் இலஞ்சம் வழங்குமாறு' என்று எழுதிவிட்டேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்து, 'வழங்குமாறு' என்ற இடத்தில் நிறுத்தினார். புதுத் தாள் எடுத்தோம். அதே சங்கத்தில் இன்னும் இரண்டு பெண்கள் அதே ஆளைப் பற்றிச் சொல்ல இருந்தார்கள்; மூன்று கடிதங்களையும் ஒரே உறையில் வைத்துப் பதிவுத் தபாலில் போட்டோம். பற்றுச்சீட்டை அவர் மகளின் கணிதக் கொப்பிக்குள் வைத்திருக்கிறார்.