லூபஸைக் காட்டிக்கொடுக்கும் ஈ ஒட்டுண்ணி

“முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:80 என்று வந்திருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எனக்கு லூபஸா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் இருக்காது. லூபஸ் என்பது நோய் எதிர்ப்பு சக்தி நம் உடலையே தாக்கும் நோய். நம் செல்லின் உட்கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடிகள்தான் ஏ.என்.ஏ. ஹெப்-2 என்ற மனிதச் செல்கள் ஒட்டிய கண்ணாடித் தகட்டில் நீர்த்த சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) விடுவார்கள். கழுவியபின், மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியை ஒளிரும் சாயம் சேர்த்து விடுவார்கள். நீல ஒளியில் உட்கரு பச்சையாக மின்னினால் பாசிட்டிவ். 80 மடங்கு நீர்த்தும் மின்னியது என்பதே 1:80. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களிலேயே சுமார் 13 சதவீதம் பேருக்கு இந்த அளவில் பாசிட்டிவ் வந்தது. அறிகுறியே இல்லாதவருக்கு இதை பேக்கேஜில் சேர்த்து விற்பது வியாபாரம், மருத்துவம் அல்ல.

அறிகுறி இருந்து லூபஸ் சந்தேகம் வந்தால், இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று தேட வேண்டும். சிக்கல் இங்கேதான். உட்கரு மின்னினால் போதாது, அங்கே டி.என்.ஏ.வோடு ஹிஸ்டோன் முதலிய புரதங்களும் இருப்பதால், ஆன்டிபாடி பிடித்தது எதை என்று சொல்ல முடியாது. எலைசா என்ற இன்னொரு ஆன்டிபாடி சோதனையில், தட்டில் பூசிய டி.என்.ஏ.விலோ ஆங்காங்கே இழை பிரிந்திருக்கலாம். ஒற்றை இழையைப் பிடிக்கும் ஆன்டிபாடி வேறு பல நோய்களிலும் உண்டு.

ஹிஸ்டோன் ஒட்டாத, இழை பிரியாத டி.என்.ஏ. எங்கே கிடைக்கும்? ஈயின் குடலில்! அங்கே வாழும் கிரித்திடியா லூசிலியே என்ற ஒருசெல் ஒட்டுண்ணி மனிதரைத் தொற்றாது. அதற்கு ஒரே ஒரு பெரிய மைட்டோகாண்ட்ரியா. அதில் ஓரிடத்தில் ஆயிரக்கணக்கான டி.என்.ஏ. வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துக் குவிந்து கிடக்கின்றன. கைனட்டோபிளாஸ்ட் என்ற இந்தக் குவியலில் உள்ளது ஹிஸ்டோன் இல்லாத இரட்டை இழை. 1975இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இந்த உயிரியைத் தகட்டில் ஒட்டிச் சோதனையாக்கினார்கள். மைக்ராஸ்கோப்பில் உட்கரு மட்டும் மின்னினால் கணக்கில்லை. கசையிழையின் (அது நீந்த உதவும் வால் போன்ற இழையின்) அடிப்புள்ளி மின்னினாலும் கணக்கில்லை. புதியவர்கள் ஏமாறுவது இதில்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தச் சின்னப் புள்ளி பளிச்சென்று மின்ன வேண்டும். மின்னினால் லூபஸ் என்பதற்கு வலுவான ஆதாரம். மின்னாவிட்டால் லூபஸ் இல்லை என்று தள்ளிவிட முடியாது; பல நோயாளிகளை இந்தச் சோதனை தவறவிடும்.

ஈயின் குடலை ஆராய நிதி கேட்டு நம் ஊரில் விண்ணப்பித்தால், “இதனால் நாட்டுக்கு என்ன பயன்?” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது என் சந்தேகம்.

வாசகிக்கு: ஏ.என்.ஏ.வைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம். மூட்டு வீக்கம், வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, நுரைத்த சிறுநீர், இவற்றில் ஏதாவது தென்பட்டால் ருமட்டாலஜிஸ்ட்டை (மூட்டு, லூபஸ் போன்ற நோய்களுக்கான சிறப்பு மருத்துவரை) பாருங்கள்.