நோய் யாருடையதோ, அவரிடம் முதலில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பகுதிகளில், அரசுத் தாள்கள் மலையாளத்தில் வந்தாலும் பல வீடுகளில் பேச்சு தமிழ்தான். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவராக இந்தப் பகுதிப் பெண்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அறுவை அரங்குக்குள் செய்த தவறுகளைவிட, அதற்கு வெளியே பேச வேண்டிய இடத்தில் பேசாமல் விட்ட தவறுகளே என்னை அதிகம் உறுத்துகின்றன.

தென்னந்தோப்பில் கூலி வேலை செய்யும், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தியுடன் வந்தார். வேறோர் இடத்தில் செய்த திசுப் பரிசோதனையின் முடிவும், அங்கே கொடுத்த மலையாளக் கையேடும் அவருடைய மஞ்சப்பையில் இருந்தன. கையேட்டின் தலைப்பைப் பேத்தி பேருந்திலேயே எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியிருக்கிறாள். மலையாளத்தில் புற்றுநோயை 'அர்புதம்' என்பார்கள். "அற்புதம்னு போட்டிருக்குதாமுங்க. அப்படின்னா நல்லதுதானுங்களே டாக்டரம்மா?" என்று அந்த அம்மா கேட்டபோது, அவருடைய மகன் கதவோரம் நின்றபடி, சொல்ல வேண்டாம் என்று எனக்குக் கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார். சற்று முன்புதான் அவர் தனியாக வந்து, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, மனசு உடைஞ்சு போயிருவாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வேண்டுகோள் பாசத்தில் பிறப்பது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதற்கு இணங்கியிருக்கிறேன். 'சாதாரணக் கட்டி' என்று வீட்டாரும் நானும் சொல்லி அழைத்துச் சென்ற ஒரு பெண், மயக்கம் தெளிந்து, கட்டின் மேல் கையை வைத்துப் பார்த்து, ஒரு பக்கம் வெறுமையாக இருப்பதை உணர்ந்த கணத்தில் நான் அவருடைய கட்டிலருகே இருந்தேன். அவர் அழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அதன் பிறகு மருந்து சிகிச்சைக்கு அவர் வரவேயில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, நோய் முதுகெலும்புக்குப் பரவிய நிலையில்தான் திரும்பி வந்தார். எங்கள் மீது அவருக்கு இருந்த நம்பிக்கையை நான்தான் உடைத்தேன் என்பதை இன்றும் உணர்கிறேன். சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது: மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்காக அவருடைய தாயிடம் பெற்ற ஒப்புதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது.

எனவே இப்போது, நோயாளிக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, என்ன நோய் என்று நினைக்கிறார், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேட்கிறேன். பிறகு 'புற்றுநோய்' என்ற சொல்லைச் சுற்றி வளைக்காமல் ஒருமுறை சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். அந்த மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. அதன் பின் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "முழுசா எடுத்துர வேண்டியதுதானுங்களா?"

எல்லோருக்கும் அப்படி இல்லை. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், மார்பகத்தை முழுவதுமாக அகற்றிக்கொண்டவர்களும் ஒரே அளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதை, இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிடப்பட்ட இரண்டு ஆய்வுகள் உறுதிப்படுத்தின. ஆனால் கதிர்வீச்சுக்குப் பொதுவாக மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கோயம்புத்தூருக்கோ வேறு ஊருக்கோ போய்வர வேண்டும் என்பதையும், அத்தனை நாள் கூலி போகும் என்பதையும் அவரிடம் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகு முழுவதுமாக எடுத்துவிடச் சொல்லும் பெண்ணை நான் கடிந்துகொள்வதில்லை. காப்பீட்டு அட்டை கேரளத்துடையதா தமிழ்நாட்டுடையதா, அது எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதையும் அன்றே விசாரிக்கச் சொல்கிறேன்; பாதிச் சிகிச்சையில் எல்லை தாண்டி அலைவது கொடுமை.

அக்குள் பற்றிய பேச்சுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். மார்பகத்திலிருந்து நோய் பெரும்பாலும் முதலில் பரவுவது அங்குள்ள சிறு நிணநீர் முடிச்சுகளுக்குத்தான் என்பதால், முன்பெல்லாம் அவற்றை மொத்தமாக அகற்றினோம். பலருக்குக் கை வீங்கியது. தண்ணீர் சுமந்து, தீவனக்கட்டு தூக்கிப் பிழைக்கும் பெண்ணுக்குக் கை எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இப்போது தகுந்தவர்களுக்கு, நீலச் சாயம் செலுத்தி, அது முதலில் சென்றடையும் சில முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கிறோம். மறுநாள் சிறுநீர் பச்சையும் நீலமுமாகப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், இரவில் தனியாகக் கழிப்பறையில் அவர் திகைத்து நிற்பார்.

இந்தியாவில் 2022இல் சுமார் 1,92,000 பேருக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. வலிக்காத கட்டி, உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து இரத்தக் கசிவு, ஆரஞ்சுத் தோல்போல் குழிகுழியான சருமம், அக்குளில் கட்டி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. வலி இல்லையே என்று பத்துப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருபவர்களே அதிகம். திசுப் பரிசோதனைக்காக ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பயமும் ஆதாரமற்றது. அந்தப் பரிசோதனை இல்லாமல் சரியான சிகிச்சையைத் தீர்மானிக்கவே முடியாது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடம் 20 ஆண்டுகள் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்ததால், 50 வயதைத் தாண்டியவர்களிடையே இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் அப்படிப் பரிசோதனைக்கு அழைத்தால், கூச்சப்படாமல் போக வேண்டும்.

அந்த அம்மாவிடம், 'அர்புதம்' என்றால் என்ன என்று சொன்னேன். வெகுநேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், பிறகு மகனை உள்ளே கூப்பிட்டு, "எனக்குத் தெரியுங் கண்ணு, நீ அழுகாத" என்று அவரே சொன்னார். அறுவைக்குப் பின் வடிகுழாயின் குப்பியை, பழைய சேலையில் தைத்த சிறு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தினமும் காலையில் எத்தனை மில்லி நீர் வடிந்தது என்று பேத்தி பள்ளி நோட்டில் எழுதி வைத்தாள். தொடர்ந்து இரண்டு நாள் 30க்குக் கீழே இறங்கியதும், அந்த நோட்டைப் பார்த்துத்தான் குழாயை எடுத்தேன்.