உப்புத் தரையில் பழைய மோட்டார் சைக்கிள்: வேகச் சாதனைக்கு இன்ஜினைத் தயார்செய்வது எப்படி?

சாலைப் பந்தயத்தில் ஓடும் இன்ஜினுக்கு ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) குறைத்ததும் பிஸ்டன் சற்றே ஆறும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பானவில் உப்புச் சமவெளியில் வளைவே கிடையாது. வேகம் பிடிக்க இரண்டு மைல், அதை அடுத்து நேரம் அளக்கும் ஒரு மைல். நாம் இங்கே இலக்காக எடுத்துக்கொள்ளும் மணிக்கு 177 கி.மீ. வேகத்தில் போனால் அந்தக் கடைசி மைலுக்கே 33 விநாடி ஆகும். வேகம் பிடிக்கும் தூரத்தையும் சேர்த்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் த்ராட்டில் முழுக்கத் திறந்தே இருக்கும். இரண்டு ஓட்டங்களின் சராசரிதான் சாதனையாகப் பதிவாகும் என்பதால் இந்தச் சோதனையை இன்ஜின் இருமுறை தாண்ட வேண்டும். ஆகவே இங்கே முதல் வேலை குதிரைத்திறனைக் கூட்டுவதல்ல, சூட்டைச் சமாளிப்பது.

1950களின் பிரிட்டிஷ் வண்டியான பிஎஸ்ஏ கோல்ட் ஸ்டார் 500ஐ எடுத்துக்கொள்வோம். ஒற்றை சிலிண்டர், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 85 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88 மி.மீ., கொள்ளளவு 499 சி.சி. நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய பழைய புல்லட்டும் இதே தலைமுறை நீள ஸ்ட்ரோக் இன்ஜின்தான். அதன் ஸ்ட்ரோக் 90 மி.மீ. பந்தயத்துக்குத் தயார்செய்த கோல்ட் ஸ்டார் 7,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7,000 சுழற்சி) ஏறக்குறைய 40 குதிரைத்திறன் தரும். அந்தச் சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 20.5 மீட்டர். பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் பழைய கனெக்டிங் ராடும், அது மாட்டியிருக்கும் கிராங்க் பின்னும் தாங்கக்கூடிய எல்லை ஏறத்தாழ அதுதான். 6,800ஐத் தாண்டவிடாமல் கியரை அமைப்பது நல்லது.

பானவில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,200 அடி உயரத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் மாத வெயிலில், 35 டிகிரி சூட்டில், அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு. இன்ஜினின் திறனும் அதே அளவு விழும். சக்கரத்துக்கு 35 குதிரைத்திறன் போய்க்கொண்டிருந்தால் இங்கே 28 மிஞ்சும். காற்றின் எதிர்ப்பும் கூடவே குறைகிறது என்பது ஆறுதல். ஆனால் உப்பு டயரைப் பிடித்து இழுப்பது குறைவதில்லை.

காற்றைக் கிழித்துப் போகத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். ஓட்டுபவர் தாழப் படுத்த நிலையில் 160 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 20 குதிரைத்திறன் வேண்டும் என்றால், 177க்கு 27 வேண்டும், 192க்கு 35 வேண்டும். அரும்பாடுபட்டு இன்ஜினில் 10 சதவீதம் திறனைக் கூட்டினாலும் வேகம் 3 சதவீதம்தான் ஏறும். ஹேண்டில்பாரைக் குறுக்கி, ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளி, முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டால் அந்த 3 சதவீதம் செலவில்லாமல் கிடைத்துவிடும். 1948 செப்டம்பரில் அமெரிக்கப் பந்தய வீரர் ராலி ஃப்ரீ இதே உப்புத் தரையில் இதைத்தான் செய்து காட்டினார். தோல் உடுப்பு காற்றில் கிழிந்துபோகவே அதைக் கழற்றிவிட்டு, நீச்சல் உடையோடு வின்சென்ட் வண்டியின் மேல் கால்களைப் பின்னால் நீட்டிப் படுத்து, மணிக்கு 150.313 மைல் வேகத்தில் ஓட்டினார். இன்று அப்படி ஓட்ட விதி இடம் தராது, தரவும் கூடாது. ஆனால் அந்த ஓட்டத்தின் இயற்பியல் சரியானது.

கியர்க் கணக்கு எளிது. 177 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 2,950 மீட்டர். 19 அங்குல ரிம்மில் மெல்லிய டயர் போட்டால் சுற்றளவு 2 மீட்டர். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்கு 1,475 முறை சுற்ற வேண்டும். உப்பில் டயர் வழுக்குவதற்கு 5 சதவீதம் சேர்த்தால் 1,550. 6,800ஐ இதனால் வகுத்தால் மொத்த கியர் விகிதம் 4.4. கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் மாறினால் விகிதம் 5 சதவீதம் மாறும். பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லுக்கு 2 சதவீதம்தான். ஆகவே நுணுக்கமான மாற்றத்துக்குப் பின் ஸ்ப்ராக்கெட்டுகளை நாலைந்து அளவுகளில் கையோடு கொண்டுபோக வேண்டும். உப்பு ஈரமாக இருக்கும் காலையில் ஒன்று பொருந்தும், காய்ந்த பிற்பகலில் வேறொன்று.

இன்ஜினைப் பிரித்தால் முதலில் பார்க்க வேண்டியது பிஸ்டன். ஃபோர்ஜ் செய்த (அடித்து உருவாக்கிய) பிஸ்டன், வார்த்த பிஸ்டனைவிட உறுதியானது. ஆனால் சூட்டில் அதிகம் விரியும். இரும்பு போரில், பிஸ்டனின் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட் பக்கம் 0.10 முதல் 0.125 மி.மீ. இடைவெளி வேண்டும். கம்பெனிக் கையேட்டில் உள்ள சாலை அளவை அப்படியே வைத்தால் இரண்டாவது மைலில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் வாய் இடைவெளிக்குப் பொது விதி, 25 மி.மீ. போருக்கு 0.1 மி.மீ. அதன்படி 85 மி.மீ. போருக்கு 0.34 வரும், இந்த ஓட்டத்துக்கு 0.40 முதல் 0.45 வரை வைப்பதே பாதுகாப்பு. இடைவெளி போதாவிட்டால் சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொள்ளும். அதன்பின் விரிய இடமில்லாத ரிங் போரைச் சுரண்டும், பிஸ்டனின் பள்ளத்தையும் உடைக்கும். அளக்கும்போது ரிங்கை வெறும் போருக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் தள்ளி நேராக உட்காரவைத்த பிறகே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) செருக வேண்டும். சாய்ந்திருந்தால் அளவு பொய்யாகும்.

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில் பலர் தவறுவது உயரக் கணக்கில். காற்றின் எடை 20 சதவீதம் குறையும்போது ஜெட் என்ற சிறு துளை வழியே உறிஞ்சப்படும் பெட்ரோல் 10 சதவீதம் அளவுக்குத்தான் குறைகிறது. விளைவு, கலவை செறிவாகிவிடும், அதாவது அதில் பெட்ரோலின் பங்கு கூடிவிடும். இந்த வண்டியின் அமால் கார்புரேட்டரில் ஜெட்டின் எண், அது நிமிடத்துக்குக் கடத்தும் சி.சி. அளவு. ஆகவே கடல் மட்டத்தில் 240 பொருந்தியிருந்தால் இங்கே 215ஐ ஒட்டி வரும். 220இல் தொடங்கி இறங்குங்கள், கீழிருந்து ஏறாதீர்கள். செறிவான கலவை வேகத்தைத்தான் தின்னும், நீர்த்த கலவை பிஸ்டனையே துளைத்துவிடும்.

கலவை சரியா என்று சொல்வது ஸ்பார்க் பிளக். அளவு மைல் முடிந்ததும் இக்னிஷனை அணைத்து, அதே நொடியில் கிளட்சைப் பிடித்து, வண்டியைத் தானாக உருண்டு நிற்கவிட வேண்டும். ஐட்லிங்கில் ஓடவிட்டால் சாட்சியம் அழிந்துவிடும். பிளக்கைக் கழற்றி லென்ஸில், வெள்ளைப் பீங்கான் உள்ளே இறங்கி முடியும் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே மெல்லிய பழுப்பு வளையம் இருந்தால் நல்லது. பீங்கான் வெளுத்துக் கொப்புளித்திருந்தால் ஜெட் சிறிது. மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் நாக்கிங், அதாவது கலவை கட்டுமீறி வெடிக்கிறது. புள்ளிகள் மினுமினுத்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அன்றைக்கு அத்தோடு வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும்.

பேட்டரி இல்லாமலே தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ, குளிர்ந்திருக்கையில் நன்றாகத் தீப்பொறி தருவதை நம்பிவிடக் கூடாது. அதன் சுழலும் ஆர்மேச்சருக்குள் புதைந்துள்ள பழைய கன்டென்சர் சூடேறியதும் கசியும், மிஸ்ஃபயர் தொடங்கும். முன்கூட்டியே புதிதாக மாற்றிவிடுவதே வழி. ஆயிலுக்குப் பலர் இன்றும் ஆமணக்கெண்ணெய்க் கலவையைத்தான் தேர்வுசெய்கிறார்கள். நம் வீட்டு விளக்கெண்ணெயின் உறவுதான் அது. அதன் மூலக்கூறுகள் உலோகத்தில் ஒட்டிக்கொள்வதால், மற்ற எண்ணெய்ப் படலம் அறுந்துபோகும் சூட்டிலும் அது நிற்கும். மினரல் ஆயிலோடு அது சேராது. டேங்கையும் குழாய்களையும் கழுவிய பிறகே ஊற்ற வேண்டும்.

இத்தனையும் பார்த்தாலும் உடையும். நியூசிலாந்தின் பர்ட் மன்ரோ, 600 சி.சி. கொண்ட 1920ஆம் ஆண்டு இண்டியன் ஸ்கவுட்டை 950 சி.சி. வரை வளர்த்தார். பிஸ்டனைத் தாமே வார்த்தார், கனெக்டிங் ராடைத் தாமே செதுக்கினார். உடைந்தவற்றை அலமாரியில் அடுக்கி, வேகத் தெய்வத்துக்குக் காணிக்கை என்று எழுதிவைத்தார். 1967இல் பானவில்லில் அந்த வண்டி மணிக்கு 183.586 மைல் தொட்டது. கணக்கில் நேர்ந்த பிழை 2014இல் திருத்தப்பட்டு 184.087 ஆனது.

சேஸிஸில் எடையைக் குறைக்க மெனக்கெட வேண்டாம். வேகம் பிடிக்க இரண்டு மைல் இருக்கிறது. கூடுதல் எடை டயரை உப்பில் அழுத்திப் பிடிக்கவே உதவும். ஹேண்டில்பார் உதறுவதை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் கட்டாயம் வேண்டும். முக்கியமான போல்ட்டுகளில் துளையிட்டுக் கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டும். ஓட்டுபவர் விழுந்தால் இக்னிஷனை அணைக்கும் கயிறு மணிக்கட்டில் இருக்க வேண்டும். ட்யூப் வால்வுக்கு உலோக மூடி போட மறக்கக் கூடாது. 177 கி.மீ. வேகத்தில் வால்வு முனையில் புவியீர்ப்பைப் போலச் சுமார் 500 மடங்கு விசை இருக்கும். அது வால்வின் ஊசியை டயரின் பக்கம் தள்ளும், அதாவது திறக்கும் திசையில். ரப்பர் வாஷர் உள்ள உலோக மூடி இருந்தால் காற்று வெளியேறாது.

கடைசியாக, உப்பு. அது ஈரத்தோடு சேர்ந்தால் மின்சாரத்தைக் கடத்தும், சிலிண்டர் ஃபின்களுக்கு இடையே கெட்டியாகிச் சூட்டை அடைக்கும், ஒரே இரவில் செயினைத் துருப்பிடிக்கவைக்கும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ஃபின்களை மரக்குச்சியால் சுரண்டுங்கள். மாலையில் நல்ல தண்ணீரால் கழுவி, செயினைக் கழற்றி எண்ணெயில் போடுங்கள். வீடு திரும்பியதும் சக்கரங்களைக் கழற்றி, ஸ்போக்கின் நிப்பிள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உப்பு மறைந்திருக்கும் இடம் அதுதான்.