செவ்வாயின் உயரப் படங்களை நம்பும் முன்

செவ்வாய்க் கோளின் மலைகளும் பள்ளத்தாக்குகளும் முப்பரிமாணத்தில் விரியும் படங்களைப் பலரும் ஒளிப்படம் என்றே எண்ணிப் பகிர்கிறார்கள். உண்மையில் அவை, சுற்றுகலன் இரு கோணங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, புள்ளி புள்ளியாக உயரத்தைக் கணித்து, அதன்மேல் ஒரு படத்தைப் போர்த்தி உருவாக்கப்பட்டவை. அவற்றைப் பாடத்துக்கோ செய்திக்கோ எடுத்தாளுபவர்கள், எந்த உயரம் அளந்தது, எது இட்டு நிரப்பியது என்று கேட்டறிய வேண்டும் என்பதே இத்துறையில் பணியாற்றும் என் வேண்டுகோள்.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்திலுள்ள கேமரா, முன்னோக்கியும் நேர்கீழாகவும் பின்னோக்கியும் ஒரே கடப்பில் படமெடுத்துவிடும். 2006 முதல் செவ்வாயைச் சுற்றிவரும் நாசா கலத்தின் ஹைரைஸ் கேமராவுக்கு அந்த வசதி இல்லை. அதன் ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 25 முதல் 30 செ.மீ. வரையே என்றாலும், இணைப்படத்துக்காகக் கலம் வேறொரு சுற்றில் பக்கவாட்டில் சாய்ந்து அதே இடத்தை மீண்டும் பார்த்தாக வேண்டும். இடையில் வாரக்கணக்கில் நாள் கடந்துவிட்டால் நிழல்கள் நகர்ந்திருக்கும், துருவப் பகுதியாயின் உறைபனியும் குறைந்திருக்கும். ஒரே பாறையை இரு படங்களிலும் இனங்காண மென்பொருள் தடுமாறும்.

சீரான மணல்வெளியும் கரிய நிழலும்தான் பெருந்தொல்லை. முப்பரிமாணத் திரையில், கணித்த உயரத்தைக் காட்டும், தரையைத் தொட வேண்டிய அளவுப்புள்ளி அங்கே மண்ணுக்குள் புதைந்தோ அந்தரத்தில் மிதந்தோ தெரியும்போது, அந்த உயரம் சுற்றுப்புறத்தைக் கொண்டு இட்டு நிரப்பப்பட்டது என்பது எங்களுக்குப் புரிந்துவிடும். வண்ணம் பூசி வெளியிட்ட படத்திலோ அந்த வேறுபாடு மறைந்துபோகிறது. கலத்தின் நுண்ணதிர்வால் சமவெளியில் இல்லாத அலைகளும் தோன்றக்கூடும். கடல் மட்டம் இல்லாத அக்கோளில் உயரங்களை நிலைநிறுத்த, மார்ஸ் குளோபல் சர்வேயர் கலத்தின் லேசர் உயரமானி தந்த அளவுகளையே சார்ந்திருக்கிறோம். அந்த லேசர் புள்ளிகள் கலத்தின் பாதை நெடுகிலும் ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒன்றாகவே விழுந்தன.

அதிகம் ஏமாற்றுவது உயரத்தை மட்டும் பெருக்கிக் காட்டும் வழக்கம். ஒலிம்பஸ் மோன்ஸ் எரிமலை 20 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்தது. ஆனால் சுமார் 600 கி.மீ. அகலத்துக்குப் பரந்திருப்பதால் அதன் சரிவு பெரும்பாலும் 5 பாகை அளவே. உயரத்தை மும்மடங்காக்கினால் அச்சரிவு 15 பாகையாகவும், பத்து மடங்காக்கினால் 40 பாகைக்கு மேலாகவும் தெரியும். அறிவியல் நோக்கில் பெருக்குவதில் தவறில்லை. எத்தனை மடங்கு என்பதைப் படத்தின் அடியில் குறிக்காமல் வெளியிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்படிப் புள்ளி புள்ளியாகக் கணித்த உயரங்களின் தொகுப்பே உயர மாதிரி; மிக நுண்ணிய உயர மாதிரிக்கும் எல்லை உண்டு. ஹைரைஸ் படங்களிலிருந்து பொதுவாக ஒரு மீட்டருக்கு ஓர் உயரம் கிடைக்கிறது. ஒரு மீட்டர் அகலமுள்ள பாறை அதில் கரைந்துபோகும், ஆனால் இறங்குகலத்தைக் கவிழ்க்க அதுவே போதும். அதனால்தான் தரையிறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, சரிவை உயர மாதிரியிலிருந்து கணக்கிட்டாலும், பாறைகளை மூலப் படத்தில் விழும் நிழல்களின் அளவைக் கொண்டு தனியே எண்ணுகிறார்கள்.